வால்காம்பில் ஒரு விளக்கு

இருந்தது. திரும்பவும் இருந்தது. உடம்பு ஒடுங்கி வாலோடு சேருகிற வால்காம்பில் இரண்டு ஒளிப்புள்ளி விளக்குகள் மட்டும் இருக்க வேண்டிய மீனுக்கு மூன்றாவதாக ஒன்று, இரண்டுக்கும் சற்று மேலே, மிளகு பொடிக்கும்போது தெறித்த துகளைப் போலக் கறுப்பாக. உலகம்மாள் மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. எடுத்தால் எதிரே வெள்ளைச் சுவர். சுவரைப் பார்த்தால் தெரிந்துவிடும், புள்ளி மீனில் இருக்கிறதா தன் கண்ணில் இருக்கிறதா என்று. அதைவிடச் சுலபமான பரீட்சை இன்னொன்றும் உண்டு, வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்ப்பது. இரண்டு கண்ணுக்கும் என்று செய்த கருவியை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வலது கண் ஒன்றாலேயே பார்த்துப் பழகியவள் அவள். இடது கண் சும்மா மூடிக் கிடக்கும், தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. இன்றைக்கு அந்த மாப்பிள்ளையை எழுப்பி வேலை வாங்கிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். முடிந்துவிடும் என்பதுதான் பயம். புள்ளி மீனில் இருந்தால் இதுவரை யாரும் பெயர் வைக்காத ஒரு மீன் அவள் தட்டில் கிடக்கிறது என்று அர்த்தம். கண்ணில் இருந்தால், அப்பா. அப்பா என்ற இடத்துக்கு வந்ததும் அவள் நினைப்பு படியில் இடறியதுபோல நின்றது, நின்று, மெதுவாகத் திரும்பி, மறுபடியும் மீனிடம் வந்தது. வயிறு வெளிறிக் கிடந்தது மீன். ஸ்பிரிட் வாடை. இன்னும் கொஞ்சம் பார்ப்போம், அவசரம் என்ன, பார்ப்பதற்குத்தானே சம்பளம் கொடுக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இன்றைக்குப் பார்த்து ஆராய்ச்சி நிலையத்தில் ஈ காக்கை இல்லை. பனிமய மாதா திருவிழாவின் கடைசி நாள், தூத்துக்குடிக்கே விடுமுறை. யாரும் அவளை வரச் சொல்லவில்லை. வீட்டில் இருந்துகொண்டு என்ன செய்வது என்று தெரியாததால் வந்தாள். தென்காசியிலிருந்து வந்து இந்த ஊரிலேயே தலை நரைத்துவிட்டது, இன்னமும் திருவிழா என்றால் அவளுக்கு மற்றவர்கள் வீட்டுக்கு விருந்தாளி வருகிற நாள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. வரன்கள் வந்தன, போயின, பிறகு வருவது நின்றது. கதை என்று ஒன்று இருந்திருந்தாலாவது யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கலாம். ஜன்னலில் ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அம்மியைப் பறக்கவைக்கிற காற்று என்று சொல்வார்கள், இங்கே கதவுத் தாழ்ப்பாளைத்தான் கடகடவென்று ஆட்டியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் யாரோ வருகிறார்கள் என்று அவள் முதுகு நிமிர்ந்து, யாருமில்லை என்று திரும்பவும் வளைந்தது. யாருமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரொசாரியோ இருந்தார், நண்டுகளைப் பற்றிப் படித்தவர். மாதா கோயில் நிழலிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், இந்நேரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சப்பரத்துக்கு முன்னால் நடக்க வேண்டியவர், இங்கே உட்கார்ந்து செருமிக்கொண்டிருந்தார். காலையில் மாடிப்படியில் இருவரும் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டார்கள். “என்ன மேடம், லீவு இல்லியா?” என்றார். “உங்களுக்கு சார்?” என்றாள். “நண்டு கெட்டுப்போயிரும்லா” என்றார். அவருடைய நண்டுகள் ஆறு மாதமாக ஸ்பிரிட்டில் கிடப்பவை. இனி ஆறு வருஷம் கிடந்தாலும் கெடாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். இருவரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அவரவர் மேசைக்குப் போய்விட்டார்கள்.

மூன்று விளக்கு. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. முன்னே எல்லாம் சொல்வதற்கு ஒருத்தி, எழுதுவதற்கு ஒருத்தி. அதுதான் இந்த அறையின் முறை. மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரக் கூடாது, நிமிர்ந்தால் இடம் தவறிவிடும். அவள் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருப்பவள் எழுதுவாள், எழுதுமுன் ஒருதடவை திருப்பிச் சொல்லுவாள். மார்பில் அஞ்சு. மார்பில் அஞ்சு. வயிற்றில் நாலு. வயிற்றில் நாலு. கோயிலில் போற்றி சொல்வதுபோல இருக்கும். வெளியிலிருந்து வருபவர்கள் சிரிப்பார்கள். எழுதியவள் பிலோமினா, உலகம்மாளுக்குப் பிலோமி, ரொசாரியோவின் மனைவி. போன வருஷம் மழைக்கு முன்னால் இறந்துபோனாள். வயிற்றில் என்னவோ என்றார்கள், பிறகு என்னவோ இல்லை என்றார்கள், பிறகு அதுதான் என்றார்கள், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதிலிருந்து உலகம்மாளே பார்த்து, உலகம்மாளே நிமிர்ந்து, உலகம்மாளே எழுதி, திரும்பக் குனியும்போது இடம் தவறி, மறுபடியும் மூக்கிலிருந்து தொடங்குவாள். ரொசாரியோவோடு பேச்சு குறைந்துபோனதற்குச் சண்டை ஒன்றும் காரணம் இல்லை. வானிலையைப் பற்றி ஆரம்பித்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் பிலோமி வந்து நின்றுவிடுவாள். அதனால் இருவரும் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு செருமல், இந்தப் பக்கம் ஒரு நாற்காலிச் சத்தம், அவ்வளவுதான் ஒரு வருஷத்துப் பேச்சு. இப்போதும் கூப்பிடலாம். “சார், ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன்.” வருவார். வந்தால் பிலோமியின் ஸ்டூலில்தான் உட்கார வேண்டும், வேறு இருக்கை இல்லை. மூன்று விளக்கு, என்று மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை மனதுக்குள்.

சுண்டுவிரல் நீளம் கூட இல்லாத மீன். பெந்தோசீமா என்று தொடங்கி நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பிலோமி அதைப் ‘பெந்து’ என்று சுருக்கிவிட்டாள், ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. அரபிக் கடலில் இதுகள் கோடானுகோடி. சாப்பிட யாருக்கும் வேண்டாம், வலையில் வந்தால் கழிசல் என்று கோழித் தீவனத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ஆனால் சூரையும் கணவாயும் இதைத் தின்றுதான் கொழுக்கின்றன. பகலெல்லாம் ஆழத்தில் இருக்கும், பொழுது சாய்ந்ததும் மேலே ஏறி வந்து கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைத் தின்னும், விடியுமுன் இறங்கிவிடும். ஆயுசு ஒரு வருஷத்துக்குள். ஒரு தீபாவளியைப் பார்த்தது அடுத்த தீபாவளியைப் பார்க்காது. அதற்குள் அது ஏறி இறங்குகிற தூரத்தைக் கணக்குப் போட்டால் பாவமாக இருக்கும். வயிறு நெடுக விளக்கு, உயிரோடு இருக்கையில் நீலமாக ஒளிரும், செத்து ஸ்பிரிட்டில் கிடந்தால் கரும்புள்ளி. விளக்கு என்றதும் வழி பார்ப்பதற்கு, அழகுக்கு, கூட்டாளியைக் கூப்பிடுவதற்கு என்று எல்லாரும் நினைப்பார்கள், அவளும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். இல்லை. மறைவதற்கு. கீழே இருந்து அண்ணாந்து பார்க்கிற எதிரிக்கு, மேலிருந்து வருகிற மங்கல் வெளிச்சத்தில் மீன் ஒரு நிழலாகத் தெரியும். அந்த நிழலை அழிக்கத்தான் வயிற்றில் விளக்கு. மேலே எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவே வயிற்றிலும் ஏற்றிக்கொள்ளும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அப்புறம் அது இருப்பதே யாருக்கும் தெரியாது. உலகம்மாளுக்கு இதைப் படித்த அன்று சிரிப்பு வந்தது. அலுவலகத்தில் மற்றவர்கள் எவ்வளவு சிரிக்கிறார்களோ அவ்வளவு சிரித்து, எவ்வளவு வருத்தப்படுகிறார்களோ அவ்வளவு வருத்தப்பட்டு, இந்த அம்மாள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று எல்லாரும் தாண்டிப் போகும்படி தான் வாழ்ந்துகொண்டிருப்பது ஞாபகம் வந்தது. இன்னொன்றும் உண்டு. அந்தக் கடலில் இவை பகலில் போய்ப் பதுங்குகிற ஆழத்தில் பிராணவாயு மிகக் குறைவு. பெரிய மீன்கள் அங்கே வராது, வந்தால் மூச்சு முட்டும். இவற்றுக்கும் முட்டத்தான் செய்யும், ஆனால் பழகிக்கொண்டுவிட்டன. மூச்சு முட்டுகிற இடம்தான் பத்திரம் என்று கண்டுபிடித்துவிட்ட ஜென்மங்கள். யாரைச் சொல்லி என்ன, எனக்கும் அப்படி ஒரு வீடு இருக்கிறதே, மாடியில், ஒரு ஜன்னலோடு.

கொசு. அப்பா சொன்னது அதுதான். தென்காசியில் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர் அவர், கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே பின்னால் இருப்பவன் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தே டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். ஒருநாள் சாப்பிடும்போது இடது கையால் மூஞ்சிக்கு முன்னால் தட்டினார். “கொசு பறக்கு” என்றார். கொசு இல்லை. திரும்பவும் தட்டினார். “ஏ பிள்ள, இந்தா பறக்குல்லா, கண்ணுக்கு நேரயே.” அம்மா, “வேப்பிலை புகை போடட்டா?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. கொசு ஒன்றாக இருந்தது பத்தாகி, பக்கவாட்டில் மின்னல் வெட்டி, ஒரு ஓரத்திலிருந்து திரை இறங்கத் தொடங்கியதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லாமலே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். திரை முக்கால்வாசி இறங்கிய பிறகு பஸ் படியில் கால் வைக்கத் தெரியாமல் விழுந்தார். திருநெல்வேலியில் டாக்டர், விழித்திரை கழன்றுவிட்டது, கொஞ்சம் முந்தி வந்திருந்தால் ஒட்ட வைத்திருக்கலாம் என்றார். அடுத்த கண்ணும் பின்னாலேயே போயிற்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் எல்லாரும் சொல்லியாயிற்று, அவர் காதில் விழும்படியாகவே. அவளுக்கும் சின்ன வயசிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. அப்பா கண்ணு, என்பார்கள் உறவினர்கள், மூக்கைப் பற்றிச் சொல்வதுபோல. ஏன் சொல்லவில்லை அப்பா என்று ஒருதரம் கேட்டாள். “கொசுன்னு சொன்னேனே” என்றார்.

நேற்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்ததும் கண்ணோரத்தில் ஒரு வெட்டு. மின்னல் என்று நினைத்தாள். மழை வந்தால் கொடியில் துணி கிடக்கிறதே என்று எழுந்து மொட்டைமாடிக்குப் போனாள். வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது, ஒரு மேகம் இல்லை. காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். துணியை எடுத்தாகிவிட்டது, வந்த வேலை முடிந்தது என்று மனதுக்குச் சொன்னாள். மனது நம்பவில்லை. பெந்துவில், எண்ணுகிற விளக்குகள் போக, ஆணுக்கு வாலுக்கு மேலே ஒரு பளிச்சிடும் விளக்கு, பெண்ணுக்கு வாலுக்குக் கீழே. இருட்டில் எதிரே வருவது ஆணா பெண்ணா என்று அதை வைத்துத்தான் அதுகளுக்குத் தெரியும் என்பார்கள். மாடியில் நின்றவளுக்கு, எனக்கு வெட்டியது மேலேயா கீழேயா என்று ஒரு யோசனை வந்தது, வந்த வேகத்தில் தன் பைத்தியக்காரத்தனத்தை நினைத்துச் சிரித்தாள். தனியாகச் சிரிப்பது தனக்கே கேட்டதும் நிறுத்திக்கொண்டாள். காலையில் முகம் கழுவும்போது வாளித் தண்ணீரில் ஒரு கரும்புள்ளி மிதந்தது. கையால் அள்ளி வீசினாள். போகவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பழமொழியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஜாடியைத் திறந்து இடுக்கியால் முதல் மீனை எடுத்துத் தட்டில் வைத்துக் குனிந்தபோது, வால்காம்பில் அந்தப் புள்ளி காத்துக்கொண்டிருந்தது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. உண்மையிலேயே அப்பாடா என்று இருந்தது. மீனில்தானா, இவ்வளவு நேரம் பயந்தேனே. புள்ளிக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது. மத்தியானம்வரை அந்த முகவரியை விட்டு அவள் நகரவேயில்லை.

காற்று கொஞ்சம் ஓய்ந்தபோது கோயில் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டது. ஆராய்ச்சிக் கப்பலில் அவள் போனது ஒரே ஒரு தடவை. பிலோமியும் அவளும் மட்டும்தான் பெண்கள். ஆழம் அளக்கிற எதிரொலிக் கருவியின் திரையில் கடலின் தரை கெட்டியாகக் கறுத்த கோடாகத் தெரிந்தது. புதிதாக வேலைக்கு வந்த ஒருவர், தரை இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, வரைபடத்தில் இல்லையே என்று பதறினார். பழைய ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சூரியன் இறங்க இறங்கத் தரை மேலே வரத் தொடங்கியது. “ஏட்டி உலகு, தரை எந்திரிச்சு வருதுட்டி” என்று பிலோமி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். தரை இல்லை அது. மீன், அத்தனையும் மீன், பல மைலுக்குப் பாய் விரித்ததுபோல. இருட்டுக்காகக் காத்திருந்து ஒன்றாக எழுந்து வருகின்றன. கருவி அந்தக் கூட்டத்தைத் தரை என்று நம்பிவிட்டது. வலை ஏறியபோது வாளிக்குள் நீல ஒளி கொஞ்சநேரம் துடித்துத் துடித்து அணைந்தது. பிலோமி ஒன்றைத் தன் உள்ளங்கையில் வைத்து, “நமக்கும் வயித்துல இப்பிடி ஒண்ணு இருந்தா கரண்ட் பில் மிச்சம்” என்றாள். இத்தனை கோடி ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்குகிறதே, இதில் ஒன்றுக்காவது தனியாக இருக்கிறோம் என்று தோன்றுமா என்று உலகம்மாள் கேட்டாள். பிலோமி மீனைத் திரும்ப வாளிக்குள் போட்டுவிட்டு, “நீ சாப்பிட்டியா?” என்றாள். பிலோமியின் பதில்கள் அப்படித்தான் இருக்கும். இப்போது யார் இருக்கிறார்கள் அப்படிக் கேட்க. கொண்டுவந்த தயிர்சாதம் மேசைக்கடியில் தூக்குச்சட்டியில் அப்படியே இருந்தது. மீனின் வால் பக்கம் என்னவோ இருட்டியது. மேகம் மறைக்கிறதாக்கும் என்று நினைத்தாள். மைக்ராஸ்கோப்புக்குத் தனி விளக்கு இருக்கிறது, மேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மேகம் விலகுவதற்காகக் காத்திருந்தாள். விலகவில்லை. தட்டின் வலது ஓரம் ஒரு பிறை அளவு காணாமல் போயிருந்தது. “சார்” என்றாள். அவள் குரல் அவளுக்கே யாரோ கூப்பிடுவதுபோலக் கேட்டது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. ரொசாரியோ வந்து நின்றார், கையில் நண்டுக்கால் பிடிக்கிற சின்னச் சாமணத்தோடு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. “கூப்பிட்டீங்களா மேடம்?” அவள் குனிந்தபடியே, ஒரு மீனைப் பார்க்க வேண்டும், வால்காம்பில் மூன்றாவதாக ஒரு விளக்கு தெரிகிறது, தன் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதா என்று சந்தேகம் என்றாள். கடைசி வார்த்தைகளை வேகமாகச் சொன்னாள், சாமான் பட்டியலோடு சேர்த்துச் சொல்வதுபோல. அவர் உடனே உட்காரவில்லை. ஸ்டூலைப் பார்த்தார். உட்கார்ந்தார். அவள் தன் நாற்காலியைத் தள்ளி இடம் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சுவரைப் பார்க்காமலிருக்கத் தரையைப் பார்த்தாள். அவருடைய செருப்பில் மணல் ஒட்டியிருந்தது. காலையில் கோயில் வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார் என்று தோன்றியது. அவர் நிதானமாகத் திருகைத் திருப்பினார். மீனைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். எவ்வளவு நேரம் பார்ப்பார் ஒரு மனிதர். அப்புறம் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார், அங்கே என்ன தெரிந்ததோ. “ஆமா மேடம், இருக்கு” என்றார். “மூணாவதா?” “மூணாவதுதான். நல்லாவே தெரியுது.” “மேல் பக்கமா?” “ஆங், மேலதான்.” சொல்லிவிட்டு எழுந்தார். “கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுல்லா பாத்திருக்கீங்க” என்று சிரித்தார், சாமணத்தை மறந்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனார்.

சந்தோஷம் என்றால் அதுதான் சந்தோஷம். காலில் ரத்தம் திரும்பி ஓடுவதுபோல இருந்தது. பிறையும் மேகமும் எங்கேயோ போய்த் தொலையட்டும், இன்னொரு கண்ணும் பார்த்துவிட்டது, ரொசாரியோ சாதாரணக் கண்ணா, நண்டுக்கால் ரோமத்தை எண்ணுகிற கண். புது மீன். பெயர் வைக்க வேண்டும். பெயர் ஏற்கெனவே வந்து நின்றுவிட்டது, பிலோமினே, கடைசியில் ஒரு ஏகாரம், பெண் பெயருக்கு அப்படித்தான் போடுவார்கள். பிலோமி இருந்தால், “ஏட்டி, கழிசல் மீனுக்கா என் பேரு?” என்று சண்டைக்கு வருவாள். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு புதுசு என்று சொல்ல முடியாது, இன்னும் வேண்டும். ஜாடியிலிருந்து அடுத்த மீனை எடுத்தாள். இருந்தது. அதே இடத்தில். அடுத்தது. இருந்தது. ஒரு குடும்பமே இருக்கிறதே என்று அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. சின்னது, பெரியது, ஆண், பெண், எதை எடுத்தாலும் மூன்றாவது விளக்கு, எல்லாவற்றுக்கும் இம்மியும் பிசகாமல் ஒரே இடத்தில். எப்படி இவ்வளவு காலம் யாரும் பார்க்காமல் விட்டார்கள். பிலோமியும் நானும் எண்ணிய ஆயிரக்கணக்கில் ஒன்றிலாவது இருந்திருக்காதா, எண்ணினோமே, வாலில் ரெண்டு, வாலில் ரெண்டு. கை ஓடிக்கொண்டேயிருந்தது. ஜாடியின் அடியில் கிடந்த கடைசி மீனை எடுத்துவைத்தாள். அது வலையில் மற்ற மீன்களோடு உரசி உரசித் தோல் முழுக்க உரிந்துபோனது. செதிள் இல்லை, தோல் இல்லை, அதனால் விளக்கும் இல்லை, மார்பில் இல்லை, வயிற்றில் இல்லை, எந்த மீன் என்றே சொல்லமுடியாத வெறும் சதை. இப்படிப்பட்டதைப் பார்க்காமலே ஒதுக்கிவிடுவார்கள். அந்தச் சதையின் வால்காம்பில், கறுப்பாக, தெளிவாக, அந்த ஒரு விளக்கு மட்டும் இருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பயம் வரவில்லை, வருவதற்கு முன்னால் ஒரு வெறுமை வந்தது. ரொசாரியோ ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்கவும் தோன்றவில்லை. அவருக்கு என்ன, திருவிழா அன்றைக்கு ஒரு பொம்பளை இவ்வளவு ஆசையோடு கேட்டால் எந்த மனிதனும் ஆமாம் என்றுதான் சொல்லுவான். ஒரு ஆமாம், அவ்வளவுதான், காசா பணமா. அவள் வீட்டுக்குப் போவாள். தயிர்சாதத்தைக் கொட்டிவிட்டுத் தூக்குச்சட்டியைக் கழுவுவாள். நாளைக்கும் வருவாள், பிறை வளர்ந்திருக்கும். யாரிடமும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கு இப்போது விளங்கிற்று, அப்பா அதற்காக ஒன்றும் கஷ்டப்பட்டிருக்க மாட்டார். சும்மா இருந்தாலே போதும். தடுப்பைச் சுற்றிக்கொண்டு காலடிச் சத்தம் வந்தது. சாமணத்தை எடுக்க வருகிறார் என்று நினைத்தாள். ரொசாரியோ சாமணத்தைப் பார்க்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மேடம், நான் பொய் சொல்லிட்டேன்.”

அவள் நிமிர்ந்தாள். வெள்ளைச் சுவரும், அதற்கு முன்னால் அவரும். அவர் சட்டையின் மேல், பொத்தானுக்குப் பக்கத்தில், அந்தப் புள்ளி.

“அந்த மீன்ல ரெண்டுதான் இருக்கு. மூணாவது இல்ல. உங்க முகத்தப் பாத்ததும் சொல்ல வாய் வரல.” அவர் மூச்சு வாங்கினார். “வீட்டுல அவகிட்ட ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொல்லிச் சொல்லிப் பழகிட்டு மேடம். அந்தப் பக்கம் என் மேசைல போயி உக்காந்தா உக்கார முடியல.” கதவுத் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. “எந்திரிங்க. கண்ணாஸ்பத்திரில இன்னைக்கும் டாக்டர் இருப்பாங்க, போன் போட்டுக் கேட்டுட்டேன். எந்தக் கண்ணு?”

ஒன்றுமில்லை சார், தூசியாக இருக்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லா வாக்கியங்களும் வரிசையாக வந்து நின்றன, எல்லாம் பழக்கமானவை, எதைச் சொன்னாலும் அவர் போய்விடக்கூடும்.

“வலது” என்றாள். அதைச் சொன்னதும் மற்றதெல்லாம் தன்னால் வந்தது. நேத்து மின்னல் வெட்டினது, காலைல வாளில புள்ளி மெதந்தது, இப்போ ஓரத்துல இருட்டு ஏறுது, எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் போச்சு. அழுகை வந்து பேச்சை மறித்தது. “எனக்குப் பயமா இருக்கு சார்.”

“எனக்கும்தான் மேடம்” என்றார் ரொசாரியோ. “வாங்க.”